வெள்ளியில் சேமிப்பு: காசா, கட்டியா, கொலுசா?

தங்கத்தின் சவரன் விலையைக் கேட்டு மலைத்துப்போன குடும்பங்களில் அடுத்து எழும் கேள்வி வெள்ளியைப் பற்றித்தான். மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் மிச்சம் பிடிக்க முடிகிறது, அதற்கு வெள்ளிக் காசாக வாங்கிச் சேர்த்து வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் கடைக்குக் கிளம்பும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வெள்ளி விலை ஏறுமா இறங்குமா என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். புதிதாக வாங்குபவர் கையைக் கடிப்பதோ பெரும்பாலும் வேறு ஒன்று: வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளி. எந்த வடிவத்தில் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த இடைவெளி எட்டு சதவீதத்தோடும் நிற்கலாம், முப்பதையும் தாண்டலாம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

எத்தனை டச்?

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் காதில் விழும் சொல் ‘டச்’. 80 டச் என்றால் அந்தப் பொருளில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மெத்தென்றிருக்கும். அதில் கொலுசு செய்தால் நாலு நாளில் நெளிந்துவிடும். அதனால் செம்பு சேர்ப்பது தவறே இல்லை, தொழிலுக்கு அது தேவை. எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பதை வாங்குபவருக்குச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

காசு, கட்டிகளில் இதையே ஆயிரத்துக்கு எத்தனை பங்கு என்று பொறிப்பார்கள். 999 என்றால் ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி. 925 என்பது ‘ஸ்டெர்லிங்’, மோதிரம், தோடு, கைச்சங்கிலிகளில் பார்க்கலாம். சேமிப்புக்கென்று வாங்கினால் 999 தவிர வேறு எதையும் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 925 மட்டம் என்று சொல்லவில்லை. விற்கப் போகும்போது 999 என்றால் எடை பார்த்து ரேட்டால் பெருக்கிவிடலாம், மற்றவற்றில் ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு கழிவு சொல்வார்.

ஜெர்மன் சில்வர் என்று பெயரில் மட்டும் வெள்ளி தாங்கிய ஓர் உலோகம் உண்டு. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது, அதில் வெள்ளி துளியும் கிடையாது. தாம்பூலத் தட்டுக்கு நன்றாக இருக்கும், சேமிப்புக்கு ஆகாது.

தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கு அப்படியில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைகளுக்கும் தனி அடையாள எண்ணோடு கூடிய ஹால்மார்க் முறையைக் கொண்டுவந்தது. விரும்பும் கடைக்காரர் போட்டுக்கொள்ளலாம் என்ற அளவில் வந்த ஏற்பாடு அது. எண் இருந்தால் அந்த அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டிப் பார்த்துவிடலாம். காசு, கட்டிகளுக்கு இதைவிட நடைமுறையில் உதவுவது சீல் வைத்த அட்டை. எம்எம்டிசி-பாம்ப் போன்ற சுத்திகரிப்பு நிறுவனங்கள் வெளியிடும் காசுகள் வரிசை எண், எடை, தூய்மை எல்லாம் அச்சிட்ட உறையில் வரும். அந்த உறையைப் பிரிக்காதீர்கள். சாமி அறையில் வைத்துக் கும்பிடுவதானால் உறையோடே வைத்துக் கும்பிடுங்கள்.

ரேட் எங்கிருந்து வருகிறது

காலையில் செய்தியில் ‘வெள்ளி கிராம் இவ்வளவு, கட்டி வெள்ளி கிலோ இவ்வளவு’ என்று வருகிறதே, அந்த எண்ணுக்குப் பின்னால் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது சர்வதேச விலை. அது ஒரு ட்ராய் அவுன்ஸுக்கு, அதாவது 31.1 கிராமுக்கு, டாலரில் பேசப்படுவது. இரண்டாவது டாலருக்கு எத்தனை ரூபாய் என்பது. மூன்றாவது இறக்குமதி வரி. நமக்குத் தேவையான வெள்ளியில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 2024 ஜூலை பட்ஜெட்டில் இந்த வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தபோது, உலகச் சந்தையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமலே நம் ஊரில் விலை சட்டென்று இறங்கியது. முந்தின வாரம் வாங்கியவர்களுக்கு அது வலித்திருக்கும்.

செய்தியில் வரும் ரேட்டுக்கு மேல் நம் பில்லில் இரண்டு சேரும்: செய்கூலி, ஜிஎஸ்டி. வெள்ளிக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். விற்கும்போது இந்த இரண்டில் ஒன்றுகூடத் திரும்பி வராது. போதாததற்கு, பழைய வெள்ளியை எடுக்கும் கடைக்காரர் அன்றைய ரேட்டில் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் தருவார். எவ்வளவு கழிப்பார் என்பது கடைக்குக் கடை மாறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலை தினம் மாறுவதால் கிராம் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்கும்போது கடைக்காரர் 3 சதவீதம் கழிக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம்.

10 கிராம் காசு. வெள்ளி மதிப்பு 1,500 ரூபாய். செய்கூலி 150. மொத்தத்துக்கும் 3 சதவீத ஜிஎஸ்டி போட்டால் பில் 1,699 ரூபாய் 50 காசு. அதே காசை அன்று மாலையே விற்றால் கையில் வருவது 1,455. போட்ட காசில் 14 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அசல் திரும்ப வேண்டுமென்றால் வெள்ளி விலை ஏறக்குறைய 17 சதவீதம் ஏறியாக வேண்டும்.

100 கிராம் கட்டி. வெள்ளி மதிப்பு 15,000. கட்டிக்குச் செய்கூலி குறைவு, கிராமுக்கு 3 ரூபாய் என்று வைத்தால் 300. ஜிஎஸ்டி சேர்த்து பில் 15,759. உடனே விற்றால் 14,550. இழப்பு எட்டு சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு.

இப்போது 100 கிராம் கொலுசு, 80 டச். சில கடைகளில் விற்கும்போது முழு வெள்ளி ரேட்டையே போடுவார்கள், எடுக்கும்போதுதான் டச் பார்ப்பார்கள். வெள்ளி என்று 15,000, செய்கூலி சேதாரம் 1,500, ஜிஎஸ்டி சேர்த்து 16,995. விற்கும்போது 80 கிராமுக்குத்தான் காசு, கழிவு போக 11,640. முப்பது சதவீதத்துக்கு மேல் அவுட்.

கொலுசு வாங்க வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பெண் குழந்தையின் காலில் கொலுசு சத்தம் கேட்பதற்கு அந்த விலை தகும். அதை அணிகலன் கணக்கில் எழுதுங்கள். அதையே ‘சேமிப்பு’ என்று மனசுக்குள் வரவு வைப்பதுதான் சிக்கல். குத்துவிளக்கு, சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்புக்கும் இதே கணக்குத்தான்.

மேலே உள்ள எண்களிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. மாதம் ஒரு 10 கிராம் காசு என்று பத்து மாதம் வாங்கினால், அதே ரேட்டில் மொத்தச் செலவு 16,995. சேர்த்து ஒரே 100 கிராம் கட்டியாக வாங்கினால் 15,759. வித்தியாசம் 1,236 ரூபாய், அதாவது எட்டு கிராம் வெள்ளிக்கு மேல். அதனால் மாதாமாதம் கடைக்கு ஓடுவதைவிட, அந்தப் பணத்தை வங்கியில் சேர்த்து வைத்து நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை 50 கிராம், 100 கிராம் என்று வாங்குவது மேல். அதற்குள் விலை ஏறிவிட்டால் என்ன செய்வது என்று பதறத் தோன்றும். ஏறலாம், இறங்கவும் செய்யலாம். செய்கூலியில் போவது மட்டும் நிச்சயமாகப் போகும்.

நகைக்கடைச் சீட்டில் வெள்ளிக்கென்று தனித் திட்டம் இருந்தால், கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: முடிவில் காசாகவோ கட்டியாகவோ தருவார்களா? பல திட்டங்களில் செய்கூலிச் சலுகை நகைக்கு மட்டும் என்று இருக்கும். இந்தச் சீட்டுகள் 11 மாதத்தில் முடிவதற்கும் காரணம் உண்டு. பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை ஒரு நிறுவனம் 365 நாளுக்குள் நேர்செய்யாவிட்டால் சட்டப்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும். அதற்கான விதிகள் மிகக் கடுமையானவை.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

கடையில் நின்று ‘கிராம் என்ன ரேட்?’ என்று எல்லோரும் கேட்கிறோம். அதோடு இதையும் கேளுங்கள்: “அண்ணே, இதே காசை நாளைக்குக் கொண்டு வந்தா எடுத்துக்குவீங்களா? என்ன கழிப்பீங்க? பணமா தருவீங்களா, பொருளாத்தான் எடுக்கணுமா?”

கடைசிக் கேள்விதான் முக்கியம். ‘எப்ப வேணும்னாலும் கொண்டு வாங்கம்மா, எடுத்துக்கறோம்’ என்று சொல்லும் கடையில்கூட, பெரும்பாலும் அதன் பொருள் வேறு பொருளாக மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான். ரொக்கம் வேண்டுமென்றால் கழிவு கூடும். ஆஸ்பத்திரிச் செலவுக்காக விற்கப் போகிறவருக்குப் புது வெள்ளித் தட்டு எதற்கு? இரண்டு மூன்று கடைகளில் இதைக் கேட்டுவிட்டு, தெளிவாகப் பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள். ரேட்டில் இரண்டு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

லட்சுமி, விநாயகர் பொறித்த காசு, வர்ணம் பூசிய காசு, பரிசுப் பெட்டியோடு வரும் காசு எல்லாம் உருவத்துக்காகக் கூடுதல் விலை வைப்பவை. உருக்கும் இடத்தில் எல்லாம் ஒரே வெள்ளிதான். அட்சய திருதியை, தீபாவளி சமயத்தில் ‘செய்கூலி இல்லை’ என்று பலகை இருந்தால், பில் தொகையை எடையால் வகுத்துப் பாருங்கள். அன்றைய ரேட்டைவிட எவ்வளவு கூட வருகிறதோ, அதற்குப் பெயர் எதுவாக இருந்தாலும் அதுதான் செய்கூலி.

விலை எப்படி ஆடும்

வெள்ளியைத் தங்கத்தின் தம்பி என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். தங்கம் பெரும்பாலும் நகையாகவும் சேமிப்பாகவும் முடங்கிக் கிடப்பது. வெள்ளியின் உலகத் தேவையில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளுக்குப் போகிறது: சோலார் பேனல், மின்னணுப் பொருள்கள், மின் இணைப்புகள். தொழில் சூடாக இருந்தால் விலை துள்ளும், மந்தமானால் விழும். அது மட்டுமல்ல, பூமியிலிருந்து எடுக்கும் வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கச் சுரங்கங்களில் உபரியாகக் கிடைப்பது. இந்தியாவில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தின் ராஜஸ்தான் சுரங்கங்களிலும் அப்படித்தான் கிடைக்கிறது. வெள்ளி விலை ஏறிவிட்டது என்பதற்காகத் துத்தநாகச் சுரங்கத்தை உடனே பெரிதாக்க மாட்டார்கள். தேவை கூடினால் வரத்து சட்டென்று கூடாது, அதனால் ஆட்டம் பெரிதாகிறது.

1980 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ஹண்ட் சகோதரர்கள் கடன் வாங்கி வாங்கிக் குவித்ததில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. சந்தை விதிகளை இறுக்கியதும் சரிந்து, மார்ச் 27ஆம் தேதி 11 டாலருக்கும் கீழே போனது. அந்த 50 டாலரை அது தெளிவாகத் தாண்டியது 2025 அக்டோபரில். நடுவே 45 ஆண்டுகள்.

நம் ரூபாயில் பார்த்தால் கதை கொஞ்சம் மாறும். 1980இல் டாலருக்கு ஏறக்குறைய 8 ரூபாய், 2025 அக்டோபரில் 88. டாலரில் நின்ற இடத்திலேயே நின்ற வெள்ளி, சர்வதேச விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் 11 மடங்கு ஆகியிருக்கிறது. இந்தியாவில் வெள்ளியை வைத்திருப்பவர் டாலரையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார் என்பது இதனால்தான். 11 மடங்கு என்றதும் பிரமிக்க வேண்டாம். 45 ஆண்டில் 11 மடங்கு என்பது ஆண்டுக்கு ஐந்தரை சதவீதக் கூட்டு வளர்ச்சிதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வங்கி டெபாசிட்டே பத்து சதவீதத்துக்கும் மேல் கொடுத்த காலம் இருந்தது. உச்சியில் வாங்கிய கணக்கு இது என்பதையும் சொல்ல வேண்டும், பள்ளத்தில் வாங்கியவருக்குக் கணக்கு மிக நன்றாக இருக்கும். எது உச்சி, எது பள்ளம் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம். 2011 ஏப்ரலில் கிலோ 70 ஆயிரம் ரூபாயைத் தாண்டிய வெள்ளி, 2015 கடைசியில் சுமார் 35 ஆயிரத்துக்கு வந்தது. நாலரை ஆண்டில் பாதி. மகள் கல்யாணத்துக்கு 2015இல் பணம் வேண்டும் என்று 2011இல் வாங்கிய குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். விலை திரும்ப ஏறும்வரை அவர்களால் காத்திருக்க முடியாது. எனவே, ஐந்தாறு ஆண்டுக்குள் தேதி குறித்துத் தேவைப்படும் பணத்தை வெள்ளியில் போடக் கூடாது. ஃபீஸ், கல்யாணம், வீட்டு முன்பணம் எல்லாம் வங்கியிலேயே இருக்கட்டும். ஆறு மாதச் செலவுக்கான பணமும் அங்கேயே. அதற்கு மேல் மிஞ்சும் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளிக்குக் கொடுக்க மாட்டேன் என்பது என் கோடு. உங்கள் கோடு வேறாக இருக்கலாம், ஆனால் ஒரு கோடு இருக்கட்டும். வெள்ளி வட்டி தராது, வாடகை தராது என்பதையும் அதோடு சேர்த்து யோசியுங்கள்.

வீட்டிலேயே சோதிப்பது

வெள்ளியின் அடர்த்தி 10.49. ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளி 10.49 கிராம் எடை இருக்கும். பித்தளை எட்டரை, ஈயம் 11.3. இந்த வித்தியாசத்தை வைத்துச் சமையலறையிலேயே ஒரு சோதனை செய்யலாம்.

0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். முதலில் கட்டியை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒரு டம்ளரில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்ஜியமாக்குங்கள். கட்டியை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், கட்டி விலக்கிய தண்ணீரின் எடை. சுத்த வெள்ளியானால் 9.5 என்று காட்டும். பித்தளைக்கு வெள்ளி முலாம் பூசியிருந்தால் 12க்குப் பக்கத்தில் போகும். ஈயமானால் 8.8. கட்டியில் நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும், விரலால் தட்டி விட்டுவிட்டுப் பாருங்கள். 10 கிராம் காசுக்கு இந்தச் சோதனை சரியாக வர வேண்டுமானால் 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும்.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 999க்கும் 925க்கும் அடர்த்தியில் வித்தியாசம் மிகச் சிறியது, இந்தத் தராசில் உறுதியாகப் பிடிபடாது. ஈயத்தையும் செம்பையும் சரியான அளவில் சேர்த்தால் வெள்ளியின் அடர்த்தியைக் கொண்டுவந்துவிட முடியும். காந்தச் சோதனையும் அரைச் சோதனைதான். காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி இல்லை என்பது உறுதி, ஒட்டாவிட்டால் எதுவும் உறுதியில்லை, செம்பும் ஈயமும்கூட ஒட்டாது. நகைக்கடையில் இருக்கும் எக்ஸ்ரே இயந்திரம் நொடியில் சதவீதம் காட்டும். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும், கனமான முலாமில் ஏமாறும். எடை, அடர்த்தி, எக்ஸ்ரே மூன்றும் ஒத்துப்போனால் நிம்மதியாக இருக்கலாம்.

காசு கறுத்துப்போவதைப் பார்த்துப் போலி என்று பயப்பட வேண்டாம். காற்றில் உள்ள கந்தகம் பட்டுப் படியும் மெல்லிய படலம் அது, சுத்த வெள்ளியும் கறுக்கும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தால் சீக்கிரம் கறுக்கும், ரப்பரில் கந்தகம் இருக்கிறது. காற்றுப் புகாத சின்னப் பையில், ஒரு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைத்தால் போதும்.

பாட்டி பெட்டியில் கிடக்கும் ரூபாய்

பல வீடுகளில் ராணி தலை, ராஜா தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய்கள் இருக்கின்றன. அவற்றின் மதிப்பு ஆண்டைப் பார்த்து மாறும். பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய் 1835 முதல் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதில் 91.67 சதவீதம் வெள்ளி. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாயில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளித் தட்டுப்பாடு வந்து, 1940 முதல் அடித்த ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். எடை அதே 11.66 கிராம், வெள்ளி 5.83 கிராம் மட்டும். 1947 ரூபாய் வெறும் நிக்கல். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய் என்றால் ஆண்டைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். 1969இல் வந்த காந்தி நூற்றாண்டு 10 ரூபாய் நாணயமும் வெள்ளிதான், 15 கிராம், 80 சதவீதம்.

இந்தப் பழைய ரூபாய்களைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சில ஆண்டுகளின் நாணயங்களுக்குச் சேகரிப்பாளர்கள் வெள்ளி விலையைவிட மிக அதிகம் தருவார்கள், தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயத்துக்கு அவர்களிடம் மதிப்பு விழுந்துவிடும். புதிதாகச் சேமிக்கத் தொடங்குபவர் இவற்றைத் தேடிப் போய் வாங்க வேண்டியதில்லை. போலி நிறைய, அதைக் கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும். வீட்டில் இருப்பதை என்னவென்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

அடகு, வரி, பில்

அவசரத்துக்கு விற்பதைவிட அடகு வைக்கலாமே என்றால், வெள்ளிக்கும் இப்போது வழி உண்டு. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள் வெள்ளி நகைக்கும் காசுக்கும் கடன் தர இடம் கொடுக்கின்றன. ஒருவருக்கு நகையானால் 10 கிலோ வரை, காசானால் 500 கிராம் வரை. கட்டிக்குக் கடன் கிடையாது. செய்கூலிக் கணக்கில் கட்டி ஜெயிக்கிறது, அடகுக் கணக்கில் காசு ஜெயிக்கிறது. எனக்கு நியாயமாகப் படுவது, முதலில் 50 கிராம், 100 கிராம் காசுகளாக அரைக் கிலோ வரை சேர்த்துவிட்டு அதற்கு மேல் கட்டிக்குப் போவது. பெரிய காசுகளுக்குச் செய்கூலியும் கட்டியை ஒட்டியே இருக்கும். உங்கள் ஊர் வங்கிக் கிளையோ அடகு நிறுவனமோ வெள்ளியை எடுக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். விதி அனுமதித்தாலும் எல்லோரும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை.

விற்று லாபம் வந்தால் வரி உண்டு. வாங்கி 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம். அதற்குள் விற்றால் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்த்து, அந்த வரம்புக்கான வரி. 2024 ஜூலையில் வந்த முறை இது. லாபத்தைக் கணக்கிட வாங்கிய விலை தெரிய வேண்டும், அதற்குப் பில் வேண்டும். ‘பில் இல்லாம வாங்குனா ஜிஎஸ்டி மிச்சம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மூன்று சதவீதம் மிச்சம் பிடிக்கப் போய், தூய்மைக்கும் விலைக்கும் கையில் ஆதாரமே இல்லாமல் நிற்பீர்கள். வெயிலில் மங்கும் தாளில் பில் தந்தால் அன்றே படம் எடுத்து வையுங்கள். 2 லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் பான் எண் கொடுக்க வேண்டும். அந்த அளவுத் தொகையை ஒரே நாளில் ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்கு அனுமதி கிடையாது.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு இந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரில் 2012 அக்டோபரிலிருந்து, குறித்த தரத்துக்கு உட்பட்ட முதலீட்டு வெள்ளிக்கு ஜிஎஸ்டி இல்லை. கனடாவிலும் 99.9 சதவீதத் தூய்மையுள்ள காசு, கட்டிகளுக்கு விற்பனை வரி இல்லை, மேப்பிள் லீஃப் காசு எளிதில் கைமாறும். பிரிட்டனில் நேர்மாறு. தங்கக் கட்டிக்கு வாட் எனப்படும் விற்பனை வரி இல்லை, வெள்ளிக்கு 20 சதவீதம். அங்கே பொருளாக வெள்ளி வாங்குவது தொடக்கத்திலேயே பெரிய பள்ளத்தில் இறங்குவது போல. ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் திரும்பிப் போகும் நாட்டின் சுங்க விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருளாக வேண்டாம், விலையேற்றம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்தியாவில் 2022 முதல் வெள்ளி இடிஎஃப் இருக்கிறது, அதாவது நம் பணத்துக்கு வெள்ளி வாங்கி வைத்து, அதன் பங்குகளைப் பங்குச் சந்தையில் வாங்கி விற்க விடும் நிதித் திட்டம். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் கண்காணிப்பில் இருப்பது, பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் வாங்கி விற்கலாம், செய்கூலி கிடையாது. ஆண்டுக்கு ஒரு சிறு நிர்வாகச் செலவு கழியும். திருட்டுப் பயம் இல்லை, லாக்கர் வாடகை இல்லை. வெறும் கணக்குப்படி பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் மலிவு. ஆனால் பங்குச் சந்தை திறந்திருக்கும் நாளில்தான் விற்க முடியும், அம்மா கையில் எடுத்துக் கொடுக்கவும் முடியாது. டீமேட் கணக்கே இல்லாத, செயலிகளை நம்பாத ஒருவருக்கு 100 கிராம் கட்டி தரும் தைரியத்தை இடிஎஃப் தராது என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. சேமிப்பு பழக்கமாக நிலைக்க அந்தத் தைரியமும் வேண்டும். ‘டிஜிட்டல் வெள்ளி’ என்று செயலிகளில் விற்பது மட்டும் இடிஎஃப் அல்ல. செபியின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

வீட்டில் வைப்பதா, லாக்கரிலா என்பது அளவைப் பொறுத்தது. ஒரு கிலோ வெள்ளி 95 கன சென்டிமீட்டர்தான், அரை டம்ளர் இடம்கூடத் தேவையில்லை. ஆனால் அதே மதிப்புக்குத் தங்கமானால் ஒரு சின்ன மோதிரப் பெட்டியில் அடங்கிவிடும். வெள்ளி சேரச் சேர எடையும் சேரும். கால் கிலோ அளவில் தொடங்குபவருக்கு லாக்கர் வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். பில், அட்டை, வரிசை எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்காவது சொல்லி வையுங்கள். அந்த நோட்டிலேயே எந்தக் கடையில் வாங்கியது, திருப்பி எடுக்கும்போது என்ன கழிப்பதாகச் சொன்னார்கள் என்பதையும் தேதியோடு எழுதிவிடுங்கள்.